சா.கணேசன் ஐயாவைப் பார்த்தவுக யாராச்சும் இருக்கீங்களா?

எம்.எல்.ஏ.க்களைப் பார்த்த அனுபவத்தை ஆளாளுக்கு எழுதுறீங்க, காரைக்குடிக்காரன் நான் சா.க.வைப் பத்தி எழுதாம இருந்தா நல்லாருக்காது. கம்பன் அடிப்பொடிங்குற அவுக பட்டப்பேரைச் சொன்னா எங்க பக்கம் தெரியாதவுக கிடையாது, ஆனா 1962ல காரைக்குடி எம்.எல்.ஏ.வும் அவுகதான்னா இப்ப உள்ள பசங்க "அப்படியா"ங்குறாங்க.

நான் பார்த்தது எழுபதுகளோட கடைசியில, கம்பன் விழாவுல. பங்குனி வெயில்ல எங்க வீட்டு ஐயா என் கையைப் புடிச்சு இழுக்காத குறையா கூட்டிட்டுப் போறாக, ஏன்னா சா.க. சொன்ன நேரத்துக்கு டாண்ணு விழாவை ஆரம்பிச்சிருவாக, யாருக்காகவும் காத்திருக்க மாட்டாக. உள்ள போனா சா.க. நிக்கிறாக, சட்டை போடாத உடம்பு, வெள்ளை வேட்டி, தோள்ல ஒரு துண்டு. இந்தக் கோலத்துல ஒருத்தர் எம்.எல்.ஏ.வா இருந்தாகன்னு எங்க ஐயா காதுல சொன்னப்ப எனக்கு நம்பவே முடியல.

சா.க. 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல இறங்குன காங்கிரஸ்காரர், 1959ல ராஜாஜி சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சதும் அங்க போயிட்டாக. எங்க ஐயா பரம்பரைக் காங்கிரஸ், ஆனா 62ல சுதந்திராக் கட்சியோட நட்சத்திரச் சின்னத்துலதான் குத்துனாகளாம், வீட்டுல அதுக்குப் பெரிய சண்டையாம். 206 பேர் இருந்த சபையில அந்தக் கட்சிக்கு மொத்தமே 6 சீட்டு, அதுல ஒண்ணு எங்க ஊரு. ஆளுங்கட்சியோட ஒட்டிக்கிட்டா சௌகரியமா இருந்திருக்கும், அதை வேணாம்னு போனவுகங்குறதாலயே எனக்கு அவுக மேல தனி மரியாதை.

இந்த விழாவை நடத்துற கம்பன் கழகத்தை சா.க. ஆரம்பிச்சது 1939ல, அதாவது எம்.எல்.ஏ. ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடியே. பதவி வந்துச்சு, போச்சு, விழா நிக்கல, இன்னைக்கும் காரைக்குடியில நடந்து கடைசி நாள் கம்பன் சமாதி இருக்குற நாட்டரசன்கோட்டையில முடியும். பிள்ளையார்பட்டி கல்வெட்டையும் விடாம ஆராய்ச்சி பண்ணி எழுதுனாக. காரைக்குடியில தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டணும்ங்குறதும் அவுக ஆசைதான், 1975ல அடிக்கல் நாட்டுனாங்க, 1982ல அவுக போயிட்டாக, கோயில் தொறந்தது 1993ல. உள்ள தமிழ்த்தாய் சந்நிதிக்குப் பக்கத்துல அகத்தியரும் தொல்காப்பியரும் இருக்காக, போனா நின்னு பாருங்க.

அவுக எம்.எல்.ஏ.வா இருந்தப்ப மனு எழுதிக் கொண்டு போன குடும்பம், சட்டசபையில பேசுனதைக் கேட்டவுக யாராச்சும் இருந்தா தயவுசெஞ்சு எழுதுங்க, விழாக் கதை எங்ககிட்ட நிறைய இருக்கு, அந்த அஞ்சு வருஷத்துக் கதைதான் கெடைக்க மாட்டேங்குது.