அதிகம் பேசப்படாத நியோ நுவார் படங்கள் சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி. நியோ நுவார் (அந்தக் கால இருண்ட குற்றப் படங்களின் பாணியில் பின்னாளில் வந்த படங்கள்) என்று யாரைக் கேட்டாலும் சைனாடவுன், செவன், ஆரண்ய காண்டம் என்றுதான் சொல்கிறார்கள். எல்லாம் பார்த்தாச்சு. பெரிதாகப் பேசப்படாதவை வேண்டும்.

போன வாரம் ஜான் டால் இயக்கிய ரெட் ராக் வெஸ்ட் (1993) பார்த்ததிலிருந்துதான் இந்தப் பைத்தியம். வேலை தேடி வயோமிங் வந்த நிக்கோலஸ் கேஜ், காலில் இருக்கும் பழைய காயத்தை மறைக்காமல் சொல்லியே கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறார். அப்புறம் ஒரு பாருக்குள் நுழைந்தால், வண்டியின் டெக்சஸ் நம்பர் பிளேட்டைப் பார்த்த முதலாளி, தன் மனைவியைக் கொல்ல வரச்சொன்ன ஆள் இவர்தான் என்று நினைத்துப் பணத்தை நீட்டுகிறார். கையில் காசில்லாதவன் அந்த ஒரு நொடி யோசிக்கிறான் பாருங்கள், அந்த முகம்! இந்தியில் மனோரமா சிக்ஸ் ஃபீட் அண்டர் (2007), அந்த ராஜஸ்தான் புழுதிக்காகவே பிடித்தது.

மழை, நியான் விளக்கு, சிகரெட் புகை மட்டும் காட்டி ஏமாற்றும் படங்கள் வேண்டாம். சின்ன ஊர், சாதாரண ஆள், ஒரு தப்பான முடிவு, அவ்வளவு போதும். கொரியன், பிரெஞ்சு எதுவானாலும் சரி, சப்டைட்டில் இருந்தால் பார்த்துவிடுவேன். கிளைமாக்ஸை மட்டும் சொல்லிவிடாதீர்கள், போன தடவை ஒரு புண்ணியவான் கொலைகாரன் யாரென்றே எழுதிவிட்டார்.