கடவுள் இல்லை என்று அறிவியலால் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

தொடுவானம்:
ஒளி பரவ ஈதர் என்ற ஊடகம் அண்டமெங்கும் நிறைந்திருக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலர் நம்பினர். பூமி அதனூடே நகர்வதால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாற வேண்டும்; 1887இல் மைக்கெல்சனும் மோர்லியும் தேடிய அந்த மாற்றம் கிடைக்கவில்லை. இயற்பியலர் லோரன்ஸ் அப்போதும் ஈதரைக் கைவிடாமல், நகரும் பொருள்கள் நகரும் திசையில் சுருங்குவதால்தான் மாற்றம் புலப்படவில்லை என்றார். 1905இல் ஐன்ஸ்டீன் ஈதர் இல்லை என்று நிரூபிக்கவில்லை, அது தேவையற்றது என்றார். நாளடைவில் இயற்பியல் அதைக் கைவிட்டது. கடவுளுக்கும் இந்த அளவுகோல் போதும்.

பழைய ஏடு:
தேவையற்றது என்பது வேறு, இல்லை என்பது வேறு. அந்த வேறுபாட்டை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு நிகழ்வை விளக்க வந்த கருதுகோள் ஈதர். கடவுளை அண்டத்துக்குள் கிடக்கும் இன்னொரு பொருளாக நான் கருதவில்லை. அளக்கத்தக்க விதிகள் என்று சில ஏன் இருக்கின்றன என்பதே என் கேள்வி. அதை எந்தக் கருவியால் அளப்பீர்கள்?

தொடுவானம்:
சரி, வேண்டுதலுக்குச் செவிசாய்க்கும் கடவுளைப் பற்றி என்ன சொல்வீர்கள்? இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கிச் செய்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று உறுதியாகத் தெரியாத இரு பிரிவினரில், அது நடந்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் நடக்காதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. நடப்பதை உறுதியாக அறிந்திருந்தவர்களிடம் அது 59 சதவீதம்!

இடைவெளி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அறிவியலைச் சாட்சிக்கு இழுப்பது ஒரு தரப்பின் வழக்கம் மட்டுமன்று. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டென்னும் கொள்கையைப் படைப்புக்கு ஆதரவாகக் காட்டினார். அக்கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர், தாமே கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தும், அப்படிக் காட்டியதை விரும்பவில்லை.

பழைய ஏடு:
லெமைத்ர் பக்கமே நானும். வேண்டுதல் மருந்தைப் போல வேலை செய்யும் என்ற கூற்றைத்தான் அந்த ஆய்வு சாய்த்தது. அது சாய்ந்ததில் எனக்கு வருத்தமில்லை.

தொடுவானம்:
இதைத்தான் லோரன்ஸும் செய்தார். சோதனை தோற்கும்போதெல்லாம் கூற்றைச் சற்றே தள்ளி வைத்துக்கொண்டால் அது எக்காலத்திலும் தோற்காது. எது தெரியவந்தால் உங்கள் கடவுள் இல்லையென்று ஒப்புக்கொள்வீர்கள்?

பழைய ஏடு:
எந்தச் சோதனை முடிவும் என்னை அப்படிச் சொல்ல வைக்காது; ஆகவேதான் இதை அறிவியல் கூற்று என்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் சோதிக்க முடியாததைத் தள்ளிவிட வேண்டும் என்ற உங்கள் விதி எந்தச் சோதனையில் தேறியது?

தொடுவானம்:
எதிலும் இல்லை, அது வேலைமுறை பற்றிய விதி, அண்டத்தைப் பற்றிய செய்தியன்று. உங்கள் கடவுளை அறிவியல் மறுக்கவில்லை என்பதை ஏற்கிறேன். நோய் தீர்ப்பார் என்று பலர் நம்பும் கடவுளைச் சோதிக்கலாம் என்பதை நீங்கள் ஏற்கிறீர்களா?

பழைய ஏடு:
தாராளமாகச் சோதியுங்கள்.