‘ஊதுமூச்சு’ வேண்டாம், ‘உதடுகுவி மூச்சு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்குக் கற்றுத்தரும் ‘pursed-lip breathing’ என்ற மூச்சுப் பயிற்சிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் ஒரு நண்பர் எழுதியது:

> ‘ஊதுமூச்சு’ போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் நோயாளியின் காதில் அது எப்படி விழும் என்று பாருங்கள். நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்குப் போனவர்களுக்கு “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க” என்ற குரல் நன்றாக நினைவிருக்கும். அங்கே முழு பலத்தோடு ஊதவேண்டும். இந்தப் பயிற்சியிலோ பலமே கூடாது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், மூச்சை வெளிவிடும்போது சிறு மூச்சுக்குழல்கள் சீக்கிரமே ஒட்டிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே தங்கிவிட, புதுக் காற்றுக்கு இடமில்லை. மூக்கால் 2 எண்ணும்வரை இழுத்து, குவித்த உதடுகளின் வழியே 4 எண்ணும்வரை மெல்ல விட்டால், உள்ளே சிறிது எதிரழுத்தம் நின்று குழல்களைத் திறந்து வைக்கும். முக்கிக்கொண்டு ஊதினால் குழல்கள் இன்னும் நெரிபடும்.

இங்கே சிங்கப்பூரில் இயன்முறைச் சிகிச்சையாளர் ஆங்கிலத்தில் சொல்வதை நம் முதியவர்களுக்குத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு அவ்வப்போது வரும். ‘ஊது’ என்று கேட்டதும் ஒரு தாத்தா கன்னத்தை உப்பவைத்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். இரண்டாம் முறையே தலை சுற்றியது. “ஊன்னு சொல்ற மாதிரி வாய வச்சுக்குங்க, சத்தம் இல்லாம காத்த மட்டும் விடுங்க” என்றதும் சரியாக வந்துவிட்டது.

உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொல்வது இதே வாயமைப்பைத்தான். ‘குவி’ என்ற வினை நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கிறது. ‘இதழ்குவி மூச்சு’ அழகுதான். ஆனால் புளோக்கின் (அடுக்குமாடி வீட்டின்) கீழே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு இதழ் என்றால் வாரப் பத்திரிகை. அதனால் ‘உதடுகுவி மூச்சு’ என் பரிந்துரை.

பிராணாயாமப் பெயர்களையும் இதில் கலக்கவேண்டாம். பூரகம் (மூச்சை இழுத்தல்), இரேசகம் (வெளிவிடுதல்) சரி, கும்பகம் வந்தால் மூச்சை அடக்கவேண்டும் என்று நினைத்துவிடுவார்கள். மூச்சுத் திணறுகிறவரிடம் அடக்கு என்று சொல்லலாமா?

தொண்டையைத் திறந்து ‘ஹா’ என்று காற்றைத் தள்ளிச் சளியை மேலே கொண்டுவரும் பயிற்சிக்கும் பெயர் வேண்டும். ‘ஹா மூச்சு’ என்றே வைக்கலாமா? கிரந்த எழுத்தை ஏற்காத நண்பர்கள் மாற்று சொல்லுங்கள்.