சில்லிஸ் தேவாலய விதானத்தில் சிலுவைக் காட்சி ஏன் இல்லை?

கேள்வி:

சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் மாநிலத்தில், ஸ்ப்ளூகன், சான் பெர்னார்டினோ கணவாய்களுக்குச் செல்லும் பழைய வழியில், சில்லிஸ் என்னும் சிற்றூரின் புனித மார்ட்டின் தேவாலயம் இருக்கிறது. அதன் மர விதானத்தின் 153 ஓவியப் பலகைகளின் படங்களை வரிசையாகப் பார்த்து வருகிறேன். இயேசுவின் வாழ்க்கை முள்முடி சூட்டும் காட்சியோடு நின்றுவிடுகிறது; சிலுவையும் இல்லை, உயிர்த்தெழுதலும் இல்லை. பலகைகள் காணாமல் போயினவா, அல்லது ஓவியர் வேண்டுமென்றே நிறுத்தினாரா? மேலும், 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) திருச்சபைக்கு மாறிய ஊரில் இத்தனை உருவங்கள் எப்படித் தப்பின?

முதல் மறுமொழி:

பலகைகள் தொலைந்ததாகக் கொள்ள இடமில்லை, கணக்கைப் பாருங்கள். வரிசைக்கு 9 வீதம் 17 வரிசைகள். ஓரத்தைச் சுற்றியுள்ள 48 பலகைகளில் கடல் வரையப்பட்டுள்ளது. உள்ளே எஞ்சும் 105 பலகைகளில் 98 இயேசுவுக்கும், கடைசி வரிசையின் 7 புனித மார்ட்டினுக்கும் உரியவை. கட்டம் நிறைந்திருக்கிறது.

அந்தக் கடலை மட்டும் விட்டுவிடாதீர்கள். யானைக்கும் மீன்வால், இசைக்கருவி வாசிக்கும் பெண்ணுக்கும் மீன்வால். இவற்றுக்கு நடுவே படகில் மீனவர்கள். நான்கு மூலைகளிலும் காற்றுகளைக் குறிக்கும் தேவதூதர்கள் நிற்கிறார்கள். உலகைச் சுற்றிக் கடல் சூழ்ந்திருக்கிறது என்ற இடைக்கால எண்ணத்தையே ஓவியர் விதானமாக்கியிருக்கிறார். பலகைகள் ஏறத்தாழ 90 செ.மீ. சதுரம், சுதைப்பூச்சின் மேல் தீட்டப்பட்டவை. மர வளையங்களைக் கொண்டு காலத்தைக் கணித்தவர்கள் 1109 முதல் 1114 வரையிலான ஆண்டுகளைச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் ஏறக்குறைய முழுமையாக எஞ்சிய ரோமனெஸ்க் (கோதிக்கிற்கு முந்திய ஐரோப்பியக் கலைப்பாணி) விதானங்களில் இதற்கு நிகரானவை மிக அரிது.

இரண்டாம் மறுமொழி:

சிலுவைக்கு இரண்டு விளக்கங்கள் சொல்வதுண்டு. ஒன்று, சிலுவைப்பாட்டைப் பலிபீடத்தின் பக்கம் வரைந்திருக்கலாம் என்பது. இப்போதைய பீடப்பகுதி 1509இல் கோதிக் பாணியில் புதிதாகக் கட்டப்பட்டது; பழைய பீடச் சுவரில் ஓவியம் இருந்திருந்தால் அது இடிபாட்டோடு போயிருக்கும். மற்றொன்று, பலகைகளுக்கு இடையிலான அலங்காரப் பட்டைகளைக் கவனிக்கச் சொல்கிறது: நடுவே நெடுக்கிலும் குறுக்கிலும் அவை இரட்டையாகி, விதானம் முழுவதையும் தழுவும் ஒரு சிலுவையாகின்றன.

என்னை அதிகம் கவர்வது வேறொன்று. முள்முடியை அடுத்து வருவது மார்ட்டின் வரிசை. பிச்சைக்காரருக்குத் தம் மேலாடையைப் பகிர்ந்தளிக்கும் மார்ட்டின் இவ்வரிசையில் உண்டு. அரச உடை தரித்து வந்து, தானே கிறிஸ்து என்று ஏய்க்கப் பார்க்கும் சாத்தானும் உண்டு. காயத்தழும்பு இல்லாத அரசனை நம்ப மாட்டேன் என்று மார்ட்டின் மறுத்ததாக அவர் வரலாறு கூறும். முள்முடி சூடிய உண்மை அரசரையும் பொன்முடி சூடிய போலி அரசனையும் இவ்வளவு அருகில் வைத்தது தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நேரே சிலுவைக்குப் போயிருந்தால் இந்த எதிர்நிலை மங்கியிருக்கும். இது என் கருத்துதான்; 153 என்ற எண்ணை யோவான் நற்செய்தியில் வலையில் பிடிபட்ட மீன்களோடு இணைப்பதைவிட இது எனக்கு உறுதியானதாகப் படுகிறது.

மூன்றாம் மறுமொழி:

இரண்டாம் கேள்விக்கு: சீர்திருத்தவாதிகளின் முதன்மைச் சினம் வழிபடப்பட்ட உருவங்களின் மீது, அதாவது பீடச் சிலைகள், பீடப் படங்கள் முதலியவற்றின் மீது இருந்தது. தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் கதை சொல்லும் பலகையின் முன் எவரும் மெழுகுவர்த்தி ஏற்றி மண்டியிடுவதில்லை. நடைமுறைக் காரணமும் இருந்திருக்கும்: சுவரோவியத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பது எளிது, அதே மாநிலத்தின் வால்டென்ஸ்பர்க் தேவாலயத்தில் அப்படித்தான் நடந்தது, விதானத்தைக் கழற்றினாலோ புது விதானத்துக்கான செலவு ஊர்மக்கள் தலையில் விழும்.

வெளிச்சுவரில் உள்ள புனித கிறிஸ்டோபரின் பெரிய ஓவியமும் எஞ்சியிருக்கிறது. கணவாய் ஏறும் வழிப்போக்கர்கள் தொலைவிலிருந்தே பயணிகளின் காவலரைக் கண்டு செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

1938 முதல் 1940 வரை ஹென்றி புவாசொனா விதானத்தைச் சீரமைத்தார். நேரில் செல்ல வாய்த்தால் உள்ளே கிடைக்கும் கைக்கண்ணாடியை மார்புயரத்தில் பிடித்துப் பாருங்கள், கழுத்து வலிக்காது. இடவலம் மாறித் தெரியும் என்பதால், காட்சிகளின் வரிசையைச் சரிபார்க்கும்போது மட்டும் அண்ணாந்து பார்ப்பதே நல்லது.