மறு: திரைப்பதிவுக் கையேடு – வாட்டர்மார்க்குக்கும் ஸ்கிப்டு ஃபிரேமுக்கும் சொல்

[நாகர்கோவில்]
அன்பர்களுக்கு வணக்கம்.

திரையைப் பதியவும் நேரலை செய்யவும் பயன்படும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருளின் தமிழ்க் கையேட்டில் இரண்டு இடங்களில் சொல் முட்டுகிறது. முதலாவது வாட்டர்மார்க், அதாவது காணொளியின் மேல் மங்கலாகத் தெரியும் அடையாளக் குறி. ‘நீர்க்குறி’ என்றால் நம்மூரில் பேச்சிப்பாறை அணையின் அளவுகோல்தான் நினைவுக்கு வரும். 48 அடியில் இன்று எவ்வளவு நிற்கிறது என்று காட்டுவது. காகித ஆலையில் ஈரக்கூழில் கம்பி உருவம் பதிந்து அந்த இடம் மெலிவதால் வந்த பெயரைத் திரைக்கு ஏன் சுமக்க வேண்டும்? ‘உரிமைக்குறி’ எனலாமா?

இரண்டாவது, காணொளியில் சேராமல் போன ஃபிரேம்களை (சட்டகம், அதாவது காணொளியின் தனித்தனிப் படம்) எண்ணிக் காட்டும் புள்ளிவிவரப் பலகத்தில் வரும் மிஸ்டு, ஸ்கிப்டு, டிராப்டு. மூன்றுக்கும் ‘விடுபட்ட சட்டகம்’ என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

[தக்கலை]
> ‘உரிமைக்குறி’ எனலாமா?

பொருந்தாது அண்ணாச்சி. சோதனைப் பதிப்பு மென்பொருள்கள் நம் காணொளியின் குறுக்கே போடுவது அந்த நிறுவனத்தின் பெயரை. காணொளி நமது, குறி அவர்களது. அதை உரிமைக்குறி என்றால் பொருள் புரண்டுவிடும். ‘ஊடுகுறி’ என்போம். இளம் ரப்பருக்கு இடையே அன்னாசி வைப்பதை ஊடுபயிர் என்கிறோமே, அதுபோல முதலானதைக் கெடுக்காமல் இடையில் நிற்பது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடாகத் தெரியும் காகிதக் குறிக்கும் இது பொருந்தும்.

செய்முறையை இப்படி எழுதலாம்: மூலங்கள் பட்டியலில் கூட்டல் குறியை அழுத்தி, பின்னணி நீக்கிய பிஎன்ஜி படத்தைச் சேர்க்கவும். அதை வலச்சொடுக்கி வடிகட்டிகளில் நிறத்திருத்தம் சேர்த்து, ஒளிபுகாமையை 30 விழுக்காட்டுக்கு இறக்கவும். பட்டியலில் திரைப்பிடிப்புக்கு மேலே ஊடுகுறி இருக்க வேண்டும், கீழே போனால் மறைந்துவிடும். பூட்டுச் சின்னத்தை அழுத்தினால் சுட்டி பட்டு நகராது. பதிந்தபின் இந்தக் குறியைத் தனியே உரித்தெடுக்க முடியாது. முதலில் 10 நொடி பதிந்து பார்ப்பது கட்டாயம்.

[மார்த்தாண்டம்]
ஊடுகுறிக்கு என் ஆதரவு. ‘விடுபட்ட’ என்ற ஒரே சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

மிஸ்டு என்பது வரைகலைச் செயலி திரையை நேரத்துக்குள் கூட்டி முடிக்காதது. நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான், 30 ஆக்கினால் 33.3. பாடக் காணொளிக்கு 30 தாராளம். முன்னோட்டத்தை அணைத்து, விண்டோஸில் நிர்வாகியாகத் திறந்தால் இன்னும் இளகும்.

ஸ்கிப்டு என்பது படங்களைச் சுருக்கிக் காணொளியாக்கும் குறியாக்கி திணறுவது. எக்ஸ்264 என்ற குறியாக்கி முழுப் பாரத்தையும் மையச் செயலியின் தலையில் வைக்கும். இன்டெல் கணினியில் குயிக்சிங்க், என்விடியா அட்டை இருந்தால் என்வென்க் என்று வன்பொருள் குறியாக்கிக்கு மாற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எக்ஸ்264-இன் வேக முன்னமைவை வெரிஃபாஸ்டிலிருந்து பாரம் குறைந்த சூப்பர்ஃபாஸ்டுக்குக் கொண்டுபோகலாம். வெளியீட்டை 1920×1080-இலிருந்து 1280×720-க்கு இறக்கலாம். இறக்கும்போது ஊடுகுறியின் மெல்லிய கோடுகள் கரையும், தடித்த எழுத்தாக வைக்கவும்.

டிராப்டு இணையம் தாங்காதபோது நேரலையில் மட்டும் வருவது. வட்டில் பதிபவர் இதற்கான மருந்தை எடுத்துக்கொண்டு பிட்வீதத்தை (நொடிக்குச் செலவாகும் தரவின் அளவை) குறைத்தால் படம்தான் மங்கும்.

ஆகவே: தவறிய, தாண்டிய, உதிர்த்த. கடைசியது ‘உதிர்ந்த’ அல்ல. மென்பொருளே தெரிந்து கழிக்கிறது, பிறவினைதான் சரி.

கோப்பு வகைக்கும் ஒரு வரி வேண்டும். எம்கேவி என்ற கோப்பு வகையில் பதியச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் வழக்கமான எம்பி4 திறக்காது, அதன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. பிறகு கோப்புப் பட்டியில் ரீமக்ஸ் செய்து (படத்தை மறுபடி குறியாக்காமல் உறையை மட்டும் மாற்றி) எம்பி4 ஆக்கலாம்.

[நாகர்கோவில்]
தவறிய, உதிர்த்த இரண்டையும் சேர்த்துவிட்டேன். ‘தாண்டிய’ மட்டும் இடறுகிறது. பலகத்தில் எண் முன்னால் வரும். “500 தாண்டிய சட்டகங்கள்” என்றால் 500-க்கு மேற்பட்டவை என்றே படிப்பார்கள். குறியாக்கி எடுக்காமல் விட்டவை என்பதால் ‘விடுத்த’ எனலாமா? “500 விடுத்த சட்டகங்கள்” குழப்பவில்லை.

[தக்கலை]
‘விடுத்த’ சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கோப்பில் பொதியும் வகையை ‘மறைகுறி’ என்று போட்டுவிடாதீர்கள், மறைகுறியாக்கம் ஏற்கெனவே என்க்ரிப்ஷனுக்குப் போய்விட்டது. ‘கரந்த ஊடுகுறி’ என்று எழுதுங்கள்.