ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் மின்சாரம் எங்கே இருக்கிறது?

தண்டையார்பேட்டை வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தில் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை அண்மையில் படித்து முடித்தோம். அந்த உருவம் உயிர்பெறும் கட்டத்தில் இடியும் மின்னலும் இராட்சத இயந்திரமும் வருமென்று எதிர்பார்த்தேன். நவம்பர் மாதத்து மழையிரவும் அணையும் தறுவாயிலிருந்த மெழுகுவர்த்தியும்தான் வந்தன. பிறகு மின்சாரம் இந்தக் கதைக்குள் எப்படிப் புகுந்தது?

ராயபுரம் ஆசிரியர்:
அம்மா, உயிர்ப்பொறியை ஊட்டியதாகச் சொல்வதோடு ஷெல்லி நிறுத்திக்கொள்கிறார், செய்முறையை விவரிப்பதில்லை. ஆனால் 1818-இல் நாவல் வெளிவந்தபோது அந்தப் பொறி எதுவென்று வாசகர்களால் ஊகிக்க முடிந்திருக்கும். மின்சாரத்தால் தவளைக்கால்களைத் துடிக்கவைத்த இத்தாலிய ஆய்வாளர் கால்வானியின் சகோதரி மகன் ஆல்தீனி, 1803 ஜனவரியில், லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் வோல்டாவின் மின்கல அடுக்கை இணைத்தபோது, பிணத்தின் தாடை நடுங்கி ஒரு கண் திறந்துகொண்டது. நாவலின் மெய்யான திகில் இங்கேதான் வேர்விட்டிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இயந்திரத்தைக் கொண்டுவந்தது திரைப்படம்தான், அதுவும் உடனே அல்ல. மின்விளக்கால் புகழ்பெற்ற எடிசனின் நிறுவனமே 1910-இல் எடுத்த படத்தில், உருவம் ஒரு கொப்பரையில் கொதிக்கும் இரசாயனங்களிலிருந்து எழுகிறது. எரியும் பொம்மையைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். ஜேம்ஸ் வேலின் 1931-ஆம் ஆண்டுப் படத்தில்தான், கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் அமைத்த கருவிகளில் தீப்பொறிகள் தாவின. படம் பேசத் தொடங்கிவிட்ட காலமாதலால் அவற்றின் சடசடப்பும் மக்கள் காதில் விழுந்தது.

வண்ணாரப்பேட்டை ஆபரேட்டர் மகன்:
ஐயா சொன்னதோடு திரைக்கு எதிர்ப்புறம் இருந்த பொறியையும் சேர்க்க வேண்டும். என் தந்தையார் வடசென்னைத் திரையரங்கு ஒன்றின் கேபினில் வேலை பார்த்தார். படம்காட்டும் கருவியின் விளக்கில், மின்சாரம் பாயும் இரண்டு கார்பன் குச்சிகளை ஒன்றோடொன்று தொடவைத்துச் சற்றே விலக்குவார். இடைவெளியில் வில்போல வெளிச்சம் மூண்டு, நேர்மின் குச்சியின் நுனி குழிந்து வெண்மையாகக் கனலும். எரிய எரியக் குச்சிகள் குறைந்துகொண்டே போவதால், கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கவனம் பிசகினால் திரை மங்கிவிடும், கீழே கூச்சல் கிளம்பிவிடும்.

பெரிய மின்கல அடுக்குகளைக் கொண்டு இந்த ஆர்க் ஒளியை லண்டனில் பலரறியக் காட்டியவர் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி. நாவலை எழுதிக்கொண்டிருந்த 1816-இல் ஷெல்லி படித்த வேதியியல் நூல் அவருடையதே. பிணத்தைத் துடிக்கவைத்த அதே வோல்டா அடுக்கின் வழிவந்த வெளிச்சம்தான், பின்னாளில் அந்தக் கதையைத் திரையில் காட்டியது.

தண்டையார்பேட்டை வாசகி:
இருவருக்கும் நன்றி. நாங்கள் படித்தது 1818-ஆம் ஆண்டுப் பதிப்பு.

ராயபுரம் ஆசிரியர்:
அப்படியானால் 1831 பதிப்புக்கு ஷெல்லி எழுதிய முன்னுரையையும் அவசியம் படியுங்கள், அம்மா. கால்வானியின் ஆய்வுமுறையைப் பற்றி அவரே அதில் குறிப்பிடுகிறார்.