மின்னிதழ்ச் சந்தா: சமையற்காரரும் இதய மருத்துவ இதழின் வாசகரா?

கோலாலம்பூர் நூலகர்:
நான் வேலை செய்யும் தனியார் மருத்துவமனையில் நூலகர் என்று இருப்பவள் நான் ஒருத்திதான். ஜனவரியில் தொடங்கும் மின்னிதழ்ச் சந்தாவுக்கு விலைப்புள்ளி கேட்டபோது, ஒரு பதிப்பகம் எங்கள் முழுநேர ஊழியர் எண்ணிக்கையைக் கேட்டது. மனிதவளப் பிரிவு கொடுத்த 1,400 என்ற எண்ணை அப்படியே அனுப்பினேன். சமையற்கூடத்தார், காவலாளர், துப்புரவாளர், கணக்குப் பிரிவினர் என எல்லோரும் அதில் அடக்கம். இதழைத் திறந்து படிக்கக்கூடிய மருத்துவர்கள் ஏறத்தாழ 160 பேர். தாதியரையும் மருந்தாளரையும் சேர்த்தாலும் 1,400-இல் பாதியைத் தொடாது. ஆனால் விலை 1,400 பேருக்கும் சேர்த்து வந்திருக்கிறது.

இதற்கு மேல் நாணயப் பிரச்சினை வேறு. 2014-இன் நடுப்பகுதியில் ஒரு டாலர் 3.20 ரிங்கிட் அளவில் இருந்தது. 2024 பிப்ரவரியில் 4.80-ஐ நெருங்கியது. பத்தாயிரம் டாலர் சந்தாவைப் பதிப்பகம் ஒரு காசுகூட உயர்த்தாமல் இருந்திருந்தாலும், 32,000 ரிங்கிட் கொடுத்த இடத்தில் 48,000 கொடுக்க வேண்டி வந்திருக்கும். இதை நிர்வாகக் கூட்டத்தில் விளக்கியபோது, "அப்படியென்றால் பாதி இதழ்களை நிறுத்திவிடுங்கள்" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஆனால் தொகுப்பாக வாங்கியதில் பாதியை நிறுத்த முடியாது. பிரித்து வாங்கினால், வேண்டிய பதினைந்து இதழ்களின் தனி விலையே தொகுப்பின் விலையை எட்டிவிடுகிறது.

மருத்துவமனை நூலகர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேரம் பேசிக்கொண்டிருப்பதை விட்டு, கூட்டாக வாங்க முயன்றால் என்ன?

முன்னாள் சந்தா முகவர், பெட்டாலிங் ஜெயா:
அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் முதல் தவறு உங்களுடையது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நான் இந்தத் தொழிலில் இருந்த காலத்தில், ஊழியர் எண்ணிக்கையைக் கேட்கும் படிவம் வந்தால், "எந்த ஊழியர்?" என்று திருப்பிக் கேட்ட நூலகர்கள் மிகச் சிலரே. கேட்டவர்களுக்கு, சிகிச்சைப் பணியில் இருப்போரை மட்டும் கணக்கில் எடுத்தோ, படுக்கை எண்ணிக்கையை வைத்தோ விலையைக் குறைத்த பதிப்பகங்களை நான் பார்த்திருக்கிறேன். விற்பவர் பெரிய எண்ணை ஏற்றுக்கொள்வதில் வியப்பில்லை. இலாபம் ஈட்டும் தனியார் மருத்துவமனைக்குப் பல்கலைக்கழகங்களுக்கான விலைக்கழிவு கொடுக்கவில்லை என்று சில நூலகர்கள் குறைப்படுவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

பினாங்கு மருத்துவர்:
எனக்கு அடிப்படையிலேயே ஒரு ஐயம். இவ்வளவு செலவில் இந்த இதழ்கள் தேவைதானா? மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளம் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆய்வுக் கட்டுரைகளை, வெளிவந்து ஆறு மாதங்களுக்குப் பின், பதிவு செய்துகொண்டு எவரும் படிக்கலாம். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியில் எழுதப்பட்டு 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளை, வெளிவந்த நாளிலேயே காத்திருப்பின்றி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது இப்போது விதி. வார்டில் நின்று முடிவெடுக்கும்போது நான் பார்ப்பது அப்டுடேட் என்ற மருத்துவத் தகவல் தளத்தையும் சிகிச்சை வழிகாட்டிகளையும்தான். நூலகத்துக்கு வரும் பணத்தை அதில் போட்டால் நோயாளிக்குப் பயன்.

கோலாலம்பூர் நூலகர்:
டாக்டர், பப்மெட்டில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம்தான். மருந்தளவு, விலக்கப்பட்ட நோயாளிகள், பக்கவிளைவு அட்டவணை எல்லாம் முழுக் கட்டுரைக்குள் இருக்கின்றன. சுருக்கத்தைப் படித்து முடிவெடுப்பது திரைப்பட விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுவது போன்றது. நீங்கள் சொன்ன அமெரிக்க விதி பழைய கட்டுரைகளையும், அந்த நிதி இல்லாமல் எழுதப்பட்டவற்றையும் தொடாது. அரிய நோய் ஒன்றுக்கு எங்கள் மருத்துவர்கள் தேடி வருவது பெரும்பாலும் அந்த இரண்டு வகையைத்தான்.

ஓய்வுபெற்ற நூலகர், பட்டர்வொர்த்:
அச்சிதழ் காலத்தில் சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ்கள் நம் அலமாரியில் இருந்தன. இன்னொரு நூலகம் கேட்டால் நகலெடுத்து அனுப்பினோம். இன்று சந்தா முடிந்த மறுநாள் பத்தாண்டு இதழ்களும் கதவடைத்துக்கொள்கின்றன. நிறுத்திய பின்னும் படிக்கும் உரிமை உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு.

நம் நாட்டின் நிலை இன்னும் சிக்கலானது. உலகச் சுகாதார நிறுவனமும் பதிப்பகங்களும் 2002-இல் தொடங்கிய ஹினாரி திட்டம் ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு இதழ்களை இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ தருகிறது. உயர்-நடுத்தர வருமான நாடான மலேசியா அதில் இல்லை. ஏழையாகவும் இல்லை, விலை கொடுக்கும் அளவுக்கு வசதியும் இல்லை.

நிப்பா கிருமியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-99-இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் நம் மக்கள் இறந்தார்கள். அந்த நோயை விளக்கிய முதன்மையான கட்டுரைகள் வெளிநாட்டு இதழ்களில் வந்தன. நம் நோயாளிகளைப் பற்றி நம் மருத்துவர்கள் எழுதியதை, நம் மருத்துவமனை விலை கொடுத்துப் படிக்க வேண்டிய நிலை எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019-இல் எல்செவியர் பதிப்பகத்தின் ஒப்பந்தத்தைக் கைவிட்டு, ஈராண்டு பொறுத்து, 2021-இல் தனக்கு ஏற்ற ஒப்பந்தத்தோடு திரும்பியது. கூட்டாக நின்றால் முடியும்.

முன்னாள் சந்தா முகவர், பெட்டாலிங் ஜெயா:
ஐயா, அந்த எடுத்துக்காட்டு எதிர்ப்பக்கம் பேசுகிறது. அமெரிக்க ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. அவர்கள் எழுதாவிட்டால் பதிப்பகத்துக்கு இழப்பு. ஆண்டுக்கு ஐந்து கட்டுரைகூட எழுதாத மருத்துவமனை இருபது சேர்ந்து விலகினாலும் பதிப்பகத்துக்கு ஒரு வாடிக்கையாளர் குழு போனதாகவே இருக்கும். புதிய ஒப்பந்தங்கள் கட்டுரை எழுதுவோருக்கு ஏற்றவாறு அமைகின்றன. படிப்பதோடு நிற்பவர்களிடம் பேரம் பேச ஒன்றுமில்லை.

பினாங்கு மருத்துவர்:
முழுக் கட்டுரையைப் பற்றி நூலகர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்: அண்மையில் ஒரு முழுக் கட்டுரை தேவைப்பட்டபோது, ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பி, மூன்றாம் நாள்தான் வாங்கினேன். நோயாளியோ அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்.

கோலாலம்பூர் நூலகர்:
விலையைப் பற்றியே பேசுகிறோம். பணம் கட்டிய பிறகும் திறக்காத கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடம் முழுவதும் ஒரே இணைய முகவரி (ஐபி) வழியாக வெளியே போகிறது. அதை வைத்துத்தான் பதிப்பகங்கள் எங்களை அடையாளம் காண்கின்றன. சேவை நிறுவனம் அந்த முகவரியைச் சொல்லாமல் மாற்றியதில் இரண்டு வாரம் ஒரு பதிப்பகத்தின் எல்லா இதழ்களும் பூட்டிக்கொண்டன. இன்னொரு முறை, பயிற்சி மருத்துவர் ஒருவர் தேர்வுக்காக ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் பதிவிறக்க, ஐயத்துக்குரிய செயல் என்று பதிப்பகம் மருத்துவமனை முழுவதையும் முடக்கியது. மன்னிப்புக் கடிதம் எழுதியது நான்தான். வீட்டிலிருந்து படிக்க இடைச்சேவையகம் (ப்ராக்ஸி) வைக்கலாம் என்றால், பாதுகாப்புக் காரணம் சொல்லித் தகவல் தொழில்நுட்பப் பிரிவு மறுக்கிறது. அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. அதே வலைப்பின்னலில்தான் நோயாளிப் பதிவேடுகளும் இருக்கின்றன.

முகவர் ஐயா சொன்னபடி, சிகிச்சைப் பணியில் இருப்போரின் எண்ணிக்கையை மட்டும் எழுதிப் புதிய படிவத்தை நாளையே அனுப்புகிறேன். ஆனால் கூட்டாக வாங்கும் யோசனையை விடுவதாக இல்லை. எழுதும் பலம் இல்லாவிட்டாலும், ஒரே தொகுப்புக்கு எந்த மருத்துவமனை எவ்வளவு கொடுக்கிறது என்பதாவது நமக்குள் தெரிந்தால், அதிகம் கொடுப்பவர் அடுத்த ஆண்டு ஏமாறமாட்டார். இந்தப் பகுதியில் எழுதும் நூலகர்கள் தங்கள் விலையைச் சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற நூலகர், பட்டர்வொர்த்:
கேட்பதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள், அம்மா. விலையை மூன்றாம் நபரிடம் வெளியிடக் கூடாது என்ற பிரிவு பெரும்பாலும் இருக்கும்.

கோலாலம்பூர் நூலகர்:
பார்த்துவிட்டேன், ஐயா. இருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன் என் கையெழுத்தும் அதன் கீழே இருக்கிறது. நாளை அனுப்பும் படிவத்தோடு, அந்தப் பிரிவை நீக்கக் கோரும் கடிதமும் போகும்.